தாய்ப்பறவையைக் கண்டு பெயர் சொன்னவர்
ஆலன் ஆக்டேவியன் ஹியூம்

கண் திறவாத ஒரு பறவைக்குஞ்சு கூட்டில் கிடக்கிறது. உடலில் இறகு இல்லை. தோல் சுருங்கியிருக்கிறது. கிளை சற்று அசைந்தால் போதும். இரை வந்ததென எண்ணிக் கழுத்தை நீட்டி வாயைத் திறக்கிறது. இக்குஞ்சு எந்தப் பறவையினுடையது?

வளர்ந்த பறவையை அதன் நிறத்தாலும் குரலாலும் பறக்கும் முறையாலும் அறிந்துகொள்ளலாம். பிறந்து சில நாளே ஆன குஞ்சுக்கு இவற்றுள் எதுவும் வாய்க்கவில்லை. ஒரு பறவையின் குஞ்சும் மற்றொரு பறவையின் குஞ்சும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். கூட்டிற்கு வந்து இரையூட்டும் பறவையைக் கண்டால் விடை கிடைத்துவிடும் என்று எவரும் எண்ணுவர். ஆனால் அதிலும் ஏமாற்றம் உண்டு. குயில் தானாகக் கூடு கட்டுவதில்லை. காக்கையின் கூட்டில் முட்டையிட்டுச் செல்கிறது. காக்கை அம்முட்டையையும் தன்னுடையதாகவே கருதி அடைகாக்கிறது. குயிற்குஞ்சு பெரும்பாலும் காக்கைக் குஞ்சுகளுக்கு முன்னரே பொரிந்து, காக்கை கொணரும் இரையை உண்டு வளர்கிறது. இரையூட்டுவது காக்கை, வளர்வது குயில். அக்குஞ்சின் காலைக் கூர்ந்து நோக்குபவர்க்கே உண்மை புலப்படும். காக்கையின் காலில் மூன்று விரல்கள் முன்னும் ஒன்று பின்னுமாக அமைந்திருக்கும். குயிலின் காலில் இரண்டு முன்னும் இரண்டு பின்னுமாக அமைந்திருக்கும்.

ஆகவே, ஒரு குஞ்சுக்குப் பெயர் சொல்ல ஒரே ஒரு சான்று போதாது. கூடு அமைந்த இடம், கூட்டைக் கட்டிய பொருள், முட்டையின் நிறம், விரல்களின் அமைப்பு, அலகின் வடிவம், வந்துசெல்லும் பறவை ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐயம் நீங்காவிடின் பெயர் சொல்லாமல் காத்திருக்கவும் வேண்டும். இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் குறித்து இத்தகைய பொறுமையோடு செய்தி திரட்டியவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். இந்திய தேசிய காங்கிரசைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராக வரலாற்று நூல்கள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பறவைகளோ, அவரை வேறொரு வகையில் நினைவூட்டுகின்றன.

இளமையும் பணியும்

ஹியூம் 1829ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய தந்தை ஜோசப் ஹியூம் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர். சீர்திருத்தக் கொள்கையில் உறுதியானவர். மகன் மருத்துவமும் பயின்று, பின் குடிமைப் பணியில் சேர்ந்து, 1849ஆம் ஆண்டு இந்தியா வந்தார். இன்றைய உத்தரப்பிரதேசத்தில் உள்ள எட்டாவா மாவட்டத்தின் ஆட்சிப் பொறுப்பு அவரிடம் வந்தது. அங்கே அவர் கட்டணமில்லாத் தொடக்கப் பள்ளிகளை நிறுவினார். 1857ஆம் ஆண்டளவில் 181 பள்ளிகளில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகள் பயின்றனர்.

எட்டாவாவிலேயே அவருடைய பறவை ஆர்வமும் வளர்ந்தது. பறவைகளின் உடல்களைப் பதப்படுத்திச் சேர்க்கலானார். 1857ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சியில் அவர் சேர்த்தவை அழிந்தன. அவர் மனம் தளரவில்லை. முதலிலிருந்து மீண்டும் தொடங்கினார்.

1867ஆம் ஆண்டு உள்நாட்டுச் சுங்கத்தின் ஆணையராக அமர்த்தப்பட்டார். உப்பு வரிக்காக அக்காலத்தில் நாட்டின் குறுக்கே நெடுந்தொலைவு முள்வேலி வளர்க்கப்பட்டிருந்தது. அவ்வேலியை மேற்பார்வையிடும் பணி அவரைப் பல நிலப்பகுதிகளுக்கு இட்டுச் சென்றது. வரி அலுவலைக் கவனித்தவாறே வழியெங்கும் பறவைகளையும் கவனித்தார். 1871ஆம் ஆண்டு அரசப் பிரதிநிதி மேயோ பிரபு வருவாய், வேளாண்மை, வணிகம் ஆகியவற்றுக்கான புதிய துறையை ஏற்படுத்தியபோது, அதன் செயலர் பொறுப்பு ஹியூமுக்குக் கிடைத்தது. சிம்லாவில் ஜாக்கோ குன்றின்மேல் இருந்த ராத்னி மாளிகையை வாங்கி, அதன் ஒரு பகுதியைப் பறவை அருங்காட்சியகமாக மாற்றினார்.

பலர் கண்கள் சேர்ந்த நூல்

இந்தியா பரந்த நாடு. இமயத்தில் கூடு கட்டும் பறவை வேறு. நீலகிரியில் கூடு கட்டும் பறவை வேறு. ஒருவரே எல்லாக் கூடுகளையும் காண்பது இயலாத செயல். எனவே ஹியூம் நாடெங்கும் உள்ள பறவை ஆர்வலர்களுக்குக் கடிதம் எழுதினார். படை அலுவலர், மருத்துவர், தோட்ட உரிமையாளர், பொறியாளர் எனப் பலரும் தாம் கண்ட கூடுகளைப் பற்றி அவருக்கு எழுதியனுப்பினர். அவர்களுள் பெண்களும் இருந்தனர். சேலம் மாவட்ட ஆட்சியராயிருந்த ஒருவரின் மகளான மார்கரெட் காக்பர்ன் நீலகிரியின் கோத்தகிரியில் வாழ்ந்து, அங்குள்ள பறவைகளை ஓவியமாகத் தீட்டியதோடு அவற்றின் கூடுகளைப் பற்றிய செய்திகளையும் ஹியூமுக்கு அனுப்பினார்.

இச்செய்திகள் பரவ ஓர் இதழ் தேவைப்பட்டது. 1872ஆம் ஆண்டு 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' என்னும் ஆங்கில இதழை ஹியூம் தொடங்கினார். உதிர்ந்து சிதறிய இறகுகள் என்பது அப்பெயரின் பொருள். பல இடங்களில் சிதறிக் கிடந்த செய்திகளை ஒன்றுசேர்க்கும் இதழுக்கு அது பொருத்தமான பெயரே.

1873ஆம் ஆண்டு முதல் இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றிய அவருடைய நூல் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதனை முற்றுப்பெற்ற நூல் என்று அவர் கூறிக்கொள்ளவில்லை. முதல் வரைவு என்றே தலைப்பில் குறித்தார். ஒவ்வொரு கூட்டையும் யார் கண்டார், எந்த மாதத்தில் கண்டார், எவ்வூரில் கண்டார் என்பவற்றைக் கண்டவர் பெயரோடு எழுதினார். இருவர் கூற்று முரண்பட்டால் இரண்டையும் தந்தார். ஐயத்திற்கு இடமிருந்தால் அதனையும் மறைக்காமல் சொன்னார். பின்வருவோர் பிழையைத் திருத்துவதற்கு அம்முறை வழி செய்தது.

தீவுகளை நோக்கி

1872ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8ஆம் நாள், அந்தமானுக்கு வந்த மேயோ பிரபு போர்ட் பிளேயர் துறைமுகத்தின் எதிர்க்கரையில் கைதி ஒருவரால் கொல்லப்பட்டார். தம்முடைய துறை உருவாகத் துணைநின்றவரின் இழப்பு நிகழ்ந்து ஓராண்டு சென்றபின், 1873ஆம் ஆண்டு, ஹியூம் அதே தீவுகளுக்குக் கப்பலேறினார். நிலவியல் அறிஞர்களான ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, வாலண்டைன் பால் ஆகியோர் உடன் வந்தனர். உதகமண்டலத்தில் இளமையைக் கழித்த வில்லியம் டேவிசன் என்பவர் ஹியூமுக்காக இத்தீவுகளின் காடுகளில் பறவைகளைத் திரட்டினார்.

பெருநிலத்திலிருந்து பிரிந்து நெடுங்காலம் தனித்திருக்கும் தீவுகளில் உயிரினங்களும் தனித்தன்மை பெறுகின்றன. ஆதலால், அங்குள்ள பறவைகளுக்குப் பெருநிலத்துப் பறவைகளின் பெயரை அப்படியே சூட்டுவது தவறாகலாம். இத்தீவுகளின் மூன்று வகைக் கூடுகள், குஞ்சுக்குப் பெயர் சொல்வதன் அருமையை நன்கு காட்டுகின்றன.

முதலாவது, வட அந்தமானுக்குக் கிழக்கே கடலில் தனித்து எழுந்து நிற்கும் நார்கோண்டம் தீவின் இருவாட்சி. அத்தீவு ஓர் எரிமலை. பரப்பளவு ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர். ஆணின் தலையும் கழுத்தும் செம்பழுப்பு நிறம். பெண்ணின் தலையும் கழுத்தும் கருநிறம். முட்டையிடும் காலத்தில் பெண் இருவாட்சி மரப்பொந்தினுள் நுழைந்து, வாயிலை அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையும் அளவிற்குச் சிறு பிளவு மட்டுமே எஞ்சுகிறது. ஆண்பறவை பழங்களைக் கொணர்ந்து அப்பிளவின் வழியே ஊட்டுகிறது. உள்ளே வளரும் குஞ்சை வெளியிலிருந்து காண முடியாது. பொந்துக்கு வந்துபோகும் தந்தையைக் கொண்டே குஞ்சின் இனத்தை அறிய வேண்டும். உலகில் வேறெங்கும் இல்லாத இந்த இருவாட்சியை அறிவியல் உலகிற்கு 1873ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியவர் ஹியூம். தீவின் பெயரையே பறவைக்கும் அவர் சூட்டினார்.

இரண்டாவது, கடலோரக் குகைகளில் வாழும் உழவாரக் குருவி. இத்தீவுகளில் சிறிய உழவாரன்கள் ஒரு வகையினும் மேற்பட்டவை உள்ளன. பறக்கும்போது அவற்றைப் பிரித்தறிவது கடினம். இறகு முளைக்காத குஞ்சுகளைப் பிரித்தறிவது அதனினும் கடினம். ஆனால் கூடு வேறுபாட்டைக் காட்டிவிடும். ஒருவகை உழவாரன் செடிப்பொருள்களை உமிழ்நீரால் ஒட்டிக் கூடு கட்டுகிறது. மற்றொன்று பெரிதும் தன் உமிழ்நீரையே கொண்டு வெண்ணிறக் கிண்ணம்போல் கூடு அமைக்கிறது. சீன நாட்டில் உணவாக விரும்பப்படுவது இந்த வெண்கூடே. அந்தமானின் வெண்கூட்டு உழவாரனுக்கு 1873ஆம் ஆண்டு ஹியூம் பெயர் சூட்டினார். எதிர்பாராதது என்பதே அவர் தேர்ந்த இலத்தீன் சொல்லின் பொருள்.

மூன்றாவது, நிக்கோபார்த் தீவுகளின் மெகாபோட். கோழியைப் போன்ற இப்பறவை மரத்தில் கூடு கட்டுவதில்லை, அடைகாப்பதும் இல்லை. கடற்கரையை அடுத்த காட்டில் மணலையும் மண்ணையும் சருகையும் கால்களால் வாரிக் குவித்துப் பெரிய மேடு எழுப்புகிறது. அம்மேட்டினுள் முட்டையைப் புதைக்கிறது. சருகு மட்கும்போது எழும் வெப்பமே முட்டையைப் பொரிக்கச் செய்கிறது. வெளிவரும் குஞ்சு இறகுகளுடன், தானே ஓடவும் இரைதேடவும் வல்லதாய் இருக்கிறது. அதற்கு இரையூட்டத் தாயும் வருவதில்லை, தந்தையும் வருவதில்லை. ஒரே மேட்டில் பல இணைகள் முட்டையிடுவதும் உண்டு. இங்கே பெற்றோரைக் கண்டு குஞ்சை அறியும் முறை பயன்படாது. மேட்டை அறிந்தவரே குஞ்சை அறிவர். நிக்கோபார் மக்கள் இம்மேடுகளை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். நூலறிவு எழுதப்படுவதற்கு முன்னரே தீவு மக்களின் அறிவு அங்கு இருந்தது.

வங்கக்கடல் தீவுகளின் பறவைகளைப் பற்றிய ஹியூமின் நீண்ட கட்டுரை 1874ஆம் ஆண்டு அவருடைய இதழில் வெளிவந்தது. அந்தமானின் சிறிய ஆந்தை ஒன்றுக்கு உடன்வந்த வாலண்டைன் பாலின் பெயரை வைத்தார். பெயர் சூட்டும் பெருமையைத் தமக்கே வைத்துக்கொள்ளாமல் தோழரோடு பகிர்ந்துகொண்டார்.

இழப்பும் கொடையும்

ஹியூம் ஆட்சியாளரின் பிழைகளை வெளிப்படையாக எடுத்துரைப்பவர். அதனால் மேலிடத்தின் வெறுப்பைப் பெற்றார். 1879ஆம் ஆண்டு செயலர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1882ஆம் ஆண்டு அரசுப் பணியிலிருந்து விலகினார். இனி, இந்தியப் பறவைகள் அனைத்தையும் பற்றிய பெருநூலை எழுதி முடிக்கலாம் என்று கருதினார். இருபத்தைந்து ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த குறிப்புகள் ராத்னி மாளிகையில் குவிந்திருந்தன.

1884ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில் அவர் சிம்லாவில் இல்லை. அப்போது பணியாள் ஒருவர் அக்குறிப்புகளைச் சிறிது சிறிதாக எடுத்துச் சென்று, கடைத்தெருவில் பழைய தாளாக எடைக்கு விற்றுவிட்டார். திரும்பிவந்த ஹியூம் வெறும் இடத்தையே கண்டார். எத்தனையோ கூடுகளின் அருகே எத்தனையோ பேர் காத்திருந்து கண்டவை, கடைகளில் பொட்டலம் கட்டும் தாளாயின. 1857இல் இழந்தவற்றை மீண்டும் சேர்க்க அவருக்கு இளமை இருந்தது. இம்முறை வயது ஐம்பத்தைந்து. பெருநூல் எழுதும் எண்ணத்தை அவர் கைவிட்டார்.

எஞ்சிய சேகரிப்பை என்ன செய்வது? விற்றிருந்தால் பெரும்பொருள் கிடைத்திருக்கும். அவரோ அனைத்தையும் இலண்டனின் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு விலையின்றி வழங்கினார். 1885ஆம் ஆண்டு ரிச்சர்டு பௌட்லர் ஷார்ப் என்னும் பறவை அறிஞர் சிம்லாவுக்கு வந்து அவற்றைப் பெற்றுச் சென்றார். பறவை உடல்களும் முட்டைகளுமாகச் சுமார் 82,000 பொருள்கள் தேவதாரு மரப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு மலையிறங்கின. கூடுகளையும் முட்டைகளையும் பற்றிய நூலை யூஜின் ஓட்ஸ் என்பவர் திருத்தி, 1889, 1890ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக மீண்டும் வெளியிட்டார். முதல் வரைவு என்று ஹியூம் பெயரிட்டதன் பொருள் இவ்வாறு நிறைவேறியது. அவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடர்ந்தார்.

பறவைப் பணியிலிருந்து விலகிய அதே ஆண்டில் நாட்டுப் பணி அவரை அழைத்தது. 1885ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28ஆம் நாள் பம்பாயில் இந்திய தேசிய காங்கிரசின் முதல் மாநாடு கூடியது. 72 பேராளர்கள் வந்திருந்தனர். சென்னையின் ஜி. சுப்பிரமணிய ஐயர் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தார். பறவைகளுக்காக நாடெங்கும் கடிதம் எழுதிய கை, இப்போது மக்களை ஒன்றுசேர்க்கக் கடிதம் எழுதியது.

1894ஆம் ஆண்டு ஹியூம் இங்கிலாந்து திரும்பினார். முதுமையில் செடிகொடிகளைப் பயின்றார். 1910ஆம் ஆண்டு இலண்டனின் தென்பகுதியில் தாவரவியல் நிறுவனம் ஒன்றை அமைத்தார். 1912ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள் காலமானார்.

இன்றைய கடமை

ஹியூம் காலத்து அறிஞர்கள் பறவையைச் சுட்டு வீழ்த்தியும் முட்டையைக் கவர்ந்துமே இனத்தை உறுதிசெய்தனர். ஹியூமின் சேகரிப்பும் அவ்வாறு உருவானதே. அதனை மறைத்து அவருடைய வாழ்வைச் சொல்வது முறையாகாது. இருநோக்காடியும் ஒளிப்படக் கருவியும் பெருகிவிட்ட இக்காலத்தில் அம்முறைக்குத் தேவையில்லை. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளின் கூட்டைச் சிதைப்பதையும் முட்டையை எடுப்பதையும் தடைசெய்கிறது. நார்கோண்டம் தீவு இன்று காட்டுயிர்ப் புகலிடமாக விளங்குகிறது.

எனினும் ஆபத்து நீங்கிவிடவில்லை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை நிக்கோபார்க் கரையோரத்து மெகாபோட் மேடுகள் பலவற்றை அழித்தது. வெண்கூட்டின் விலை உயர்ந்ததால் குகைக் கூடுகள், குஞ்சு பறக்கும் முன்னரே பறிக்கப்பட்ட காலமும் உண்டு. இன்ன கூடு இன்ன பறவையினுடையது என்று தெரிந்திருந்தால்தான், எது குறைகிறது என்பதும் எதைக் காக்க வேண்டும் என்பதும் தெரியும். பெயர் அறியப்படாத உயிரின் அழிவு எவர் கணக்கிலும் ஏறாது.

கூட்டைக் காண்பவர் அதனைத் தொடுதல் கூடாது. தொலைவில் நின்று, கூடு அமைந்த மரத்தையும் உயரத்தையும் குறிக்கலாம். வந்துசெல்லும் பறவையையும் அது கொணரும் இரையையும் குறிக்கலாம். குஞ்சுக்கு இறகு முளைக்கும்வரை நாள்தோறும் நோக்கலாம். கண்டதைத் தேதியோடு எழுத வேண்டும். காணாததை எழுதக் கூடாது. பெயர் தெரியவில்லையெனில் தெரியவில்லை என்றே எழுதலாம். பின்னொரு நாள் வருபவர் அவ்வெற்றிடத்தை நிரப்புவார். ஹியூமின் கடிதக்காரர்கள் செய்ததும் இதுவே. அவர்களுள் பெரும்பாலோர் பறவை நூல் கற்றவர் அல்லர். தம் வீட்டுத் தோட்டத்தையும் ஊர்க் காட்டையும் பொறுமையாகப் பார்த்தவர்கள்.

பயிற்சி

1. குஞ்சுகளின் இனத்தை அறிவது ஏன் கடினம்? பாடத்திலிருந்து இரண்டு காரணங்களை எழுதுக.
2. காக்கைக் கூட்டில் வளரும் குயிற்குஞ்சைக் கால்விரல்களால் எவ்வாறு வேறுபடுத்தலாம்?
3. இருவாட்சி, உழவாரன், மெகாபோட் ஆகிய மூன்றின் குஞ்சுகளையும் அறிய உதவும் சான்றுகளை அட்டவணைப்படுத்துக.
4. தம் நூலுக்கு ஹியூம் முதல் வரைவு என்று பெயரிட்டது அவருடைய எப்பண்பைக் காட்டுகிறது?
5. வீட்டின் அருகிலோ பள்ளி வளாகத்திலோ உள்ள ஒரு கூட்டைத் தொலைவிலிருந்து ஏழு நாள் நோக்கி, கண்டவற்றைத் தேதியிட்டு எழுதுக. கூட்டைத் தொடாதே.